பாடி மட்டும்

உக்காருங்க டாக்டரம்மா. அந்த ஸ்டூல் வேண்டாம், பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வாறவங்க உக்காருத ஸ்டூல் அது, ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல இருங்க. ஃபேனைப் போடுதேன். வள்ளியூர்ல இருந்து கார்லயா வந்தீங்க? நல்லது. பஸ்ல வந்திருந்தா இந்த வெயிலுக்கு வாடிப் போயிருப்பீங்க.

நான்தான் எஸ்றா. போன்ல பேசுனது நான்தான். முன்னால ஜெராக்ஸ் மிஷின்கிட்ட நின்னாள்ல, அது என் வீட்டுக்காரி பியூலா. ஸ்டுடியோவை நம்பி இப்பம் யாரு பொழைக்கா? ஆதார் ஜெராக்ஸும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும்தான் எங்களுக்குச் சோறு போடுது. கல்யாணத்துக்கு எல்லாம் நாகர்கோவில்ல இருந்து ட்ரோனோட வாறாங்க. மாப்பிள்ளை பொண்ணு மூஞ்சியை விட கோவில் கூரைதான் அதுல நல்லாத் தெரியுது. சரி, அது அவங்க ஆசை.

இந்தாங்க, சாமான் இதுதான். டெஸ்ட் பண்ணிப் பாக்கதுக்காக என் லென்ஸை மாட்டி வச்சிருக்கேன். விக்கது பாடி மட்டும்தான். போன்லயே சொல்லிட்டேன் ஒங்ககிட்ட.

பாடி மட்டும்னு எழுதிப் போட்டதுக்கு இந்த ஊர்ல எனக்குக் கெடைச்ச மரியாதையைக் கேளுங்க. 'பாடி மட்டும் விற்பனைக்கு, நல்ல கண்டிஷன்'னு ஒரு பேப்பர்ல எழுதி முன் கண்ணாடியில ஒட்டுனேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா, என்ன சைஸ்ல இருக்குன்னு பியூலாகிட்ட கேட்டிருக்காங்க. தப்பா நெனைக்காதீங்க, நடந்ததைச் சொல்லுதேன். டீக்கடைக்காரன் அதுக்கும் மேல. "எஸ்றா அண்ணாச்சி பாடி விக்காராமே, எந்தக் கல்லறையில தோண்டுனாரு"ங்கான். கடையில இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஸ்டுடியோவுக்கு வந்து அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டு, 'கேமரா விற்பனைக்கு'ன்னு வேற எழுதி ஒட்டுனேன்.

என்ன செய்ய, எங்க தொழில்ல அதுதான் வார்த்தை. கேமராவும் பாடிதான், பெட்டியில கெடக்கதும் பாடிதான். பியூலாவோட அக்கா புருசன் எனக்குச் சகலபாடி. ஆக மூணு பாடி. மூணும் ஒரே வீட்டுல, ஒரே நேரத்துல இருந்துச்சு ஒரு நாள்.

அது கெடக்கட்டும். நீங்க கேமராவைப் பாருங்க.

ஷட்டர் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் தடவை அடிச்சிருக்கு. மறைக்கலை. ரப்பர் ஒரு இடத்துல லேசா விட்டிருக்கு, பெவிக்விக் போட்டு ஒட்டிருக்கேன். மத்தபடி கீழ விழுந்தது கெடையாது, மழையில நனைஞ்சது கெடையாது. ஒங்களுக்குக் கூந்தன்குளம் கொக்கு, நாரை எடுக்கதுக்கு இது போதும். பகல் வெளிச்சத்துல இதை அடிச்சுக்கிட ஆள் கெடையாது. பகல் வெளிச்சம்னா சொல்லுதேன்.

எதுக்கு மாத்துதீங்கன்னு கேக்கீங்க. நியாயமான கேள்விதான். ஆறு வருசமா இதைத்தான் நானும் என்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். மொதல்ல, இருட்டு. இருட்டுக்குக் கூட்டுத ஐஎஸ்ஓ ஆயிரத்து அறுநூறைத் தாண்டுனா படம் பூரா புள்ளி விழும். ஜன்னலை அடைச்சுக்கிட்டு ஆளு நிக்குத வீட்டுல இதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. புதுசுல பாத்தீங்கன்னா, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல எடுத்தாலும் கண் இமை முடி எண்ணலாம். ரெண்டாவது, ஆட்டம். இதுல நாம மூச்சு விட்டாக்கூட ஆடும். புதுசுல பாடிக்குள்ளயே ஆட்டத்தைப் பிடிச்சு நிறுத்துத ஏற்பாடு இருக்கு. மூணாவது ஒண்ணு இருக்கு. என்னதுன்னு இப்பம் வாயில வர மாட்டேங்கு. வந்தா சொல்லுதேன்.

இந்தப் புதுப் பாடி இருக்குல்லா, அதை வாங்கதுக்கு நான் அஞ்சு தடவை மதுரைக்குப் போயிருக்கேன். அஞ்சு தடவையும் வெறுங்கையோட வந்திருக்கேன். கடைக்காரருக்கே என்னைப் பாத்தா சிரிப்பு வந்துரும். "வாங்க அண்ணாச்சி, இன்னைக்காவது உண்டா"ம்பாரு. கடையில ஒரு துணிக்கடை பொம்மை நிக்கும், ஆளுங்க போகஸ் பாக்கதுக்குன்னு வச்சிருப்பாரு. நான் அந்தப் பொம்மையோட கையை எடுப்பேன். ஏழு படம். ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு. எடுத்துட்டு பெருசு பண்ணிப் பாப்பேன். பாத்துட்டு, கிரிப் எனக்கு ஒத்து வரலைங்கன்னு சொல்லி, கேமராவை மேசையில வச்சுட்டு வந்துருவேன். நிசமாவே கிரிப் ஒத்து வரலை டாக்டரம்மா. என் கை பெரிய கை.

பியூலா திட்டுவா. "அந்தச் சனியனை மாத்தித் தொலைங்க"ம்பா. ஊர்ல புருசன் கேமரா வாங்குனா சண்டை போடுத பொம்பளைங்களைத்தான் நான் பாத்திருக்கேன். வாங்கு, வாங்குன்னு சொல்லுத பொண்டாட்டி இவ ஒருத்திதான். தங்கமான மனசு. ஆனா இந்தக் கேமராவுல அவளை ஒரு படம் எடுக்க விட மாட்டா. ஆறு வருசமாச்சு. தூக்குனாலே முந்தானையை வச்சு மறைச்சுக்கிட்டு உள்ள போயிருவா. உடம்பு கொஞ்சம் போட்டுருச்சு, தலையும் நரைச்சுப் போச்சு, அந்த வெக்கம். பொம்பளைங்க மனசு நமக்குத் தெரியாதா.

எடுத்துப் பாருங்க, ரெண்டு மூணு எடுத்துப் பாருங்க. அந்தக் கெடிகாரத்தை எடுங்க. நல்லாருக்கா? இருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரு சின்னக் கோளாறு இருக்கு இதுல. சொல்லாம விக்கதுக்கு மனசு வரலை. நாளைக்கி நீங்க என்னைத் திட்டக் கூடாது பாருங்க. என்னன்னா, அசையாத பொருள் அசைஞ்ச மாதிரி விழும்.

இல்லை, பிளர் இல்லை. பிளர்னா எல்லாமே கலங்கும். இது அப்படி இல்லை. எல்லாம் நின்ன இடத்துல நிக்கும், ஒண்ணு மட்டும் இடம் மாறிருக்கும்.

மூணு தடவை சர்வீசுக்கு அனுப்பிட்டேன். மூணு தடவையும் ஒரு கோளாறும் இல்லைன்னு சீட்டு எழுதி அனுப்பிட்டாங்க. அவங்க என்னத்தைக் கண்டாங்க? சும்மா ரெண்டு படம் எடுத்துப் பாத்துட்டு அனுப்பிருவாங்க. இது எப்பவும் வராது. எப்பவாவதுதான் வரும்.

எத்தனை தடவை வந்திருக்கா?

ஒரு தடவை.

சிரிக்காதீங்க டாக்டரம்மா. ஓ, சிரிக்கலையா. சரி.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். பியூலா காதுல விழ வேண்டாம். அவ அக்கா விசயம். மதினி பேரு எமிலி. கணக்கு டீச்சர். நாப்பத்தாறு வயசு. பிள்ளை கெடையாது, அதனால பியூலாவைத்தான் பிள்ளை மாதிரி பாத்தாங்க. எனக்குப் பொண்ணு குடுத்த வீட்டுல என்னை மனுசனா மதிச்சது அவங்க மட்டும்தான். "எஸ்றா தம்பி எடுத்தாத்தான் நான் போட்டோவுல ஆளா இருக்கேன்"னு சொல்லுவாங்க. கருத்த முகம் அவங்களுக்கு. மத்தவன் எல்லாம் கறுப்பா அடிச்சுருவான், இல்லைன்னா பவுடர் அப்புன மாதிரி வெளுக்க அடிச்சுருவான். அந்த நெறத்தை நெறமாவே எடுக்கத் தெரியணும்.

ஆறு வருசத்துக்கு முந்தி, மே மாசம். ஞாயித்துக்கிழமை. காலையில எழும்பலை. ராஜாசிங் அண்ணன், அவருதான் என் சகலபாடி, காபி போட்டு எடுத்துட்டுப் போயி எழுப்பிருக்காரு. சாதாரணமா அவங்க அஞ்சு மணிக்கு எழும்பி ஜெபம் பண்ணுத ஆளு. உடம்பு ஜில்லுன்னு இருந்திருக்கு. ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருக்கா? தெருவுல ஒரு பழைய கம்பவுண்டர் இருந்தாரு. வந்தாரு, கையைப் பிடிச்சாரு, கண்ணுல டார்ச் அடிச்சாரு, தலையை ஆட்டிட்டாரு. அவ்வளவுதான்.

பிரீசர் பெட்டி அன்னைக்கின்னு பாத்து கெடைக்கலை. மே மாச வெயில். நாலு மணிக்கு அடக்கம்னு பேசி முடிச்சிட்டாங்க. நாங்க இங்க இருந்து பத்தரைக்குப் போயிச் சேர்ந்தோம். பியூலா அழலை. அக்கா தலைமாட்டுல போயி உக்காந்தவ, உக்காந்தவதான்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பெட்டியில வச்ச பொறவு, மூடுததுக்கு முந்தி, வீட்டு ஆளுங்க எல்லாரும் சுத்தி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிடணும். வெளிநாட்டுல இருக்க சொந்தத்துக்கு அனுப்பணும்லா. போட்டோக்காரன் முடிச்சான்னாத்தான் மூடிக்கே கை போகும். பெட்டி செஞ்ச ஆசாரி சுத்தியலோட ஓரமா நிப்பாரு. நம்ம மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பாரு.

ராஜாசிங் அண்ணன் என்கிட்ட வந்து, "எஸ்றா, நீயே எடுத்துரு. ஆனா அவ மூஞ்சியில பிளாஷ் மட்டும் அடிக்காத"ன்னாரு. சரிண்ணேன்னுட்டேன். முன்னறை இருட்டு. ஒரே ஒரு ஜன்னல், அதுலயும் தெரு ஆளு பூரா நின்னு எட்டிப் பாக்கு. ஐஎஸ்ஓ ஆயிரத்து அறுநூறு வச்சேன். ஷட்டர் செகண்டுல பதினஞ்சுல ஒரு பங்கு. கையில வச்சு எடுக்கக் கூடாத வேகம் அது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன். எல்லாரும் இங்க பாருங்கன்னேன். ஏழு படம். ஏன் ஏழுன்னா, கூட்டத்துல யாராவது ஒருத்தர் கண்ணை மூடிருவாங்க, அதுக்காக.

மதினி கை ரெண்டையும் நெஞ்சு மேல சேத்து வச்சிருந்தாங்க. சுத்திப் பூ. வலது கைப் பெருவெரல் மேல ஒரு சம்பங்கிப் பூ இருந்துச்சு. மொத அஞ்சு படத்துல அது அங்கதான் இருக்கு. ஆறாவதுல அது சரிஞ்சு கெடக்கு. ஏழாவதுல பூ கீழ கெடக்கு, பெருவெரல் கொஞ்சம் உள்ள மடங்கிருக்கு.

அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல நாலு செகண்டு. கேமராவுல நேரம் பதியும்லா. மூணு முப்பத்தெட்டு, பன்னெண்டு செகண்டு. மூணு முப்பத்தெட்டு, பதினாறு செகண்டு.

மூணு நாளு கழிச்சு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கும்போதுதான் பாத்தேன். பாத்துட்டு, இதென்ன கேமரா கோளாறுன்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்க? அந்த ரெண்டு படத்தையும் ஆல்பத்துல சேக்கலை. கார்டு கரெப்ட் ஆயிட்டு, அஞ்சுதான் வந்துச்சுன்னு பியூலாகிட்ட சொன்னேன். அவளும் ஏன் எதுக்குன்னு கேக்கலை. அந்த ஆல்பத்தை அவ இன்னைக்கி வரைக்கும் தொறந்தது இல்லை. துக்கம்.

இந்தப் பழைய சாமானை அன்னைக்கே மாத்திருந்தா இந்தத் தொல்லையே கெடையாது. ஈஸ்டருக்கே மாத்திருக்கணும். பாக்கலாம், பாக்கலாம்னு தள்ளிப் போட்டேன். புதுசா இருந்தா அந்த இருட்டுக்கு ஒரு கவலையும் இல்லை, ஆட்டமும் இல்லை, ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். ஆ, அதுதான் மூணாவது. ஸ்கிரீன். வாயில வர மாட்டேன்னுச்சே, அது இதுதான். இந்தப் பழைய ஸ்கிரீன்ல என்ன தெரியும்? வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி, கையை வச்சு மறைச்சுக்கிட்டு, பெருசு பண்ணிப் பாக்கேன், அது கட்டம் கட்டமாத் தெரியுது. அதை வச்சு ஒரு மனுசன் என்ன முடிவுக்கு வர முடியும் சொல்லுங்க.

என்ன?

எப்பம் பாத்தேனா? அதான் சொன்னேன்லா, கம்ப்யூட்டர்ல.

வாசல் வெளிச்சம்னு சொன்னேனா.

சொல்லிருப்பேன்.

டாக்டரம்மா, எடுத்து முடிச்ச ஒடனே ஒரு தடவை பாக்கது தொழில் பழக்கம். யாரும் கண்ணை மூடிருக்காங்களான்னு. அன்னைக்கும் பாத்தேன். பாத்தேன், ஆமா. ஏழாவதைப் பாத்தேன், ஆறாவதுக்குப் போனேன், அஞ்சாவதுக்குப் போனேன். திரும்ப ஏழாவதுக்கு வந்தேன். அப்பம் ஆசாரி என் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, எடுத்தாச்சா?"ன்னாரு.

நம்ம ஊர்ல அந்த ஒரு வார்த்தைதான், பாத்துக்கிடுங்க. போட்டோ எடுத்தாச்சான்னாலும் அதுதான். பிரேதத்தை எடுத்தாச்சான்னாலும் அதுதான். எப்பம் எடுக்காங்கன்னு தெருவுல கேட்டுக்கிட்டே வாறாங்க. நான் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே, "எடுத்தாச்சு. எடுக்கலாம்"னுட்டேன்.

அதை யாரும் சொல்லச் சொல்லலை. எடுத்தாச்சுங்கதோட நிறுத்திருக்கலாம். எடுக்கலாம்னு ஒரு வார்த்தை கூட வந்துட்டு. ஐயர் ஜெபம் பண்ணுனாரு, நாங்க பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம். ஆசாரி மூடியை வச்சாரு. நாலு ஆணி. நான் கேமராவை ஆப் பண்ணிட்டு, நாலாவது ஆளாப் போயி பெட்டிக்குத் தோள் குடுத்தேன். தோள்ல இருக்கும்போது கவனிச்சுக்கிட்டேதான் போனேன். ஏதாவது தட்டுதா, அசையுதான்னு. கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஒண்ணும் இல்லை. பாட்டுச் சத்தம் வேற.

அதுக்குப் பொறவு நான் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் எடுத்தாச்சுன்னு சொல்லுதது கெடையாது. என் வேலை முடிஞ்சுதும்பேன். முடிஞ்சாலும் லேசுல கெளம்ப மாட்டேன். பூவைச் சரி பண்ணுத மாதிரி பக்கத்துல போயி, மணிக்கட்டைப் பிடிச்சுப் பாப்பேன். நல்லா ஒரு நிமிசம். பாத்துட்டு இன்னொரு நிமிசம். ஒரு வீட்டுல மகன்காரன் என் கையைத் தட்டிவிட்டுட்டான். எங்க அப்பா கையில மோதிரம் இருக்கு, அதுக்குத்தான் பிடிக்கியான்னு கேட்டான். ஊருக்குள்ள அப்படி ஒரு பேரு வந்துருச்சு. இப்பம் துக்க வீட்டுக்கும் என்னைக் கூப்பிடுதது இல்லை.

கனவு எல்லாம் ஒண்ணும் வராது டாக்டரம்மா. நல்லாத் தூங்குவேன். சர்ச்சுல பக்கத்துல உக்காந்திருக்கவங்க கையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். பஸ்ல யாராவது தூங்குனா அவங்க கையை. கல்யாணப் பொண்ணு கையை. பெருவெரல் அசைஞ்சா எனக்கு நிம்மதியா இருக்கும். அசையலைன்னா, அசையுத வரைக்கும் பாத்துக்கிட்டு நிப்பேன்.

கேமராவைக் கேட்டு எட்டு பேரு போன் பண்ணுனாங்க. ஒங்களை விடக் கூடக் குடுக்கேன்னு சொன்னவங்க இருக்காங்க. நான் ஒங்களைத்தான் வரச் சொன்னேன். டாக்டருங்க சாமானைப் பத்திரமா வச்சுக்கிடுவாங்கன்னு ஒரு எண்ணம். வேற ஒண்ணும் இல்லை.

அந்தக் கார்டு இதுலதான் இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு போட்டு வச்சேன். இப்பம் காட்டுதேன், பாருங்க. இது அஞ்சு. இந்தா, பூ. இது ஆறு. இது ஏழு. பாருங்க, நல்லாப் பாருங்க. ஒங்க படிப்புக்கு என்ன தோணுது? செத்த பொறவும் நரம்பு இழுக்கும்னு சொல்லுதாங்களே, அப்படி இருக்குமா? பக்கத்துல நின்னவங்க யாரும் இடிச்சிருப்பாங்களா? கேமராவாத்தான் இருக்கும்னு எனக்கு உறுதியாத் தெரியும். இருந்தாலும் ஒரு படிச்சவங்க வாயால கேட்டா நல்லாருக்கும்.

சுகரா? ஆமா, சுகர் இருந்துச்சு. ஊசி போட்டுக்கிடுவாங்க. தெனமும் ராத்திரி. அதை ஏன் கேக்கீங்க?

முந்தின நாளு சாப்பிட்டாங்களான்னா... உபவாசம் இருந்தாங்க. மாசத்துல ஒரு சனிக்கிழமை உபவாசம் இருப்பாங்க. ஊசி போட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. ராஜாசிங் அண்ணனுக்குத் தெரியும், அவருதான் போட்டு விடுவாரு. அதை ஏன் கேக்கீங்க டாக்டரம்மா? உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சுன்னு சொன்னேன்லா. வேர்த்து ஈரமா இருந்துச்சுன்னு அண்ணன் சொன்னாரு, ஜில்லுன்னு ஈரமா. நான் அதைச் சொல்லலையோ?

என்ன சொல்லுதீங்க?

சாப்பிடாம ஊசி போட்டா சுகர் எறங்கி, செத்த மாதிரி மயங்கிக் கெடக்கலாம், ஆனா இப்பம் யாராலயும் சொல்ல முடியாதுங்கீங்க. சரி. அது சரிதான். ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டேங்கீங்க. எனக்கு வேண்டியது அந்த 'இல்லை'ங்குத ஒரு வார்த்தைதான். அதுக்குத்தான் ஒங்களை...

படத்துல எங்க போறீங்க? பெருவெரல் இந்தப் பக்கம். அந்தப் பட்டனை அமுக்குனா மேல போயிரும். அது பெட்டி ஓரம். அது பியூலாவோட சேலை. ஆமா, தலைமாட்டுல இருந்து கைப்பக்கமா வந்து நின்னா, நான்தான் பிரேமுக்குள்ள வரணும்னு நகந்து நிக்கச் சொன்னேன். அவ கை மதினி கைக்கு அடியில இருக்கோ? பூவுக்குள்ள தெரியலை. இருக்கும் போல. வளையல் தெரியுது.

இல்லை, பியூலா முகத்தை நான் பாத்தது இல்லை. பெருசு பண்ணுனா நேரா வெரலுக்குத்தான் போவேன். ஆறு வருசமா அதுக்கு மேல ஏறிப் போனது இல்லை.

என்ன அவ முகத்துல?

அஞ்சாவதுல இங்க பாக்கா. எல்லாரும் இங்கதான் பாக்காங்க, நான் சொன்னேன்லா. ஆறாவதுல... இங்கதான் பாக்கா. வாய் லேசாத் தொறந்திருக்கு. ஏழாவதைக் காட்டுங்க. இன்னும் பெருசு பண்ணுங்க.

குனிஞ்சு பாக்கா.

அத்தனை பேரும் கேமராவைப் பாத்துக்கிட்டு நிக்காங்க. இவ மட்டும் கையைக் குனிஞ்சு பாக்கா.

அழுகையில தலை குனிஞ்சதுன்னு... இல்லை. அவ அழலை. நான்தான் சொன்னேன், அவ அழலைன்னு. கண்ணைப் பாருங்க டாக்டரம்மா. இந்த ஸ்கிரீன்லயே நல்லாத்தான் தெரியுது.

வா பியூலா. டீயை அங்க வையி. ஒண்ணுமில்லை, டாக்டரம்மாவுக்குக் கேமராவைக் காட்டிக்கிட்டு இருக்கேன். ஏன் அங்கயே நிக்க? எவ்வளவு நேரமா நிக்க? கடையில ஆள் இல்லையா?

இதைப் பாரு. இல்லை, பாரு. முந்தானையை எடு, ஒன்னைப் படம் எடுக்கலை. கார்டு கரெப்ட் ஆகலை பியூலா. நான் பொய் சொன்னேன். ஏழும் இருக்கு. ஏழாவதுல நீ எதைப் பாக்க?

சொல்லு. டாக்டரம்மா இருந்தா இருக்கட்டும். நீ எதைப் பாத்த?

கேட்டீங்களா டாக்டரம்மா. அக்கா வெரல் என் கையை அமுக்குச்சுங்கா. ரெண்டு தடவை அமுக்குச்சுங்கா.

ஏன்ட்டி அப்பமே சொல்லலை? ஒரு சத்தம் போட்டிருந்தா போதுமே. எத்தனை பேரு நின்னாங்க அந்த அறையில.

என்ன? திரும்பச் சொல்லு.

நீங்க ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு நின்னீங்க, நான் ஒங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்ங்கா. நீங்க பெருசு பண்ணிப் பாத்தீங்க. அக்கா உசிரோட இருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க சொல்லிருப்பீங்க, நீங்க சொல்லாததுனால எனக்குத்தான் பித்துப் பிடிச்சிருச்சுன்னு இருந்துட்டேன்ங்கா. அழாத. ஏய், அழாத. ஆறு வருசம் கழிச்சு இப்பம் என்னத்துக்கு அழுத.

இங்க வா. இந்த ஸ்டூல்ல வேண்டாம், என் சேர்ல உக்காரு.

டாக்டரம்மா, கார்டை மட்டும் கழத்தி இங்க வச்சுருங்க. பாடியை நீங்க கொண்டு போங்க. தாராளமாக் கொண்டு போங்க. அதுல ஒரு கோளாறும் கெடையாது.